செல்லம்மா அக்காவாக நான்

1975 ஜனவரி 3, மாரெட்பள்ளி

பொங்கல் விழா நாடகத்தில் எனக்கும் வேஷம். எழுதியது என் வீட்டுக்காரர். ஆபீஸ் தமிழ்ச் சங்கத்துக்கு வருஷம் ஒரு நாடகம் எழுதாவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது. நான் செகந்திராபாத் மாமி. யாரைப் பார்த்து எழுதினார் என்று கேட்கவே வேண்டாம் — மாடிவீட்டு செல்லம்மா அக்கா.

ஜனவரி 6

ஒத்திகை. தமிழோடு இந்த ஊர் உருதுவும் கலந்த பேச்சு: வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஏன் என்பதற்கு கைக்கு. அக்கா மாதிரியே இழுத்தேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு இவ்வளவு வருமென்று எனக்கே தெரியாது.

ஜனவரி 9

இங்கிலீஷ் நோட்டீஸில் என் பெயருக்குப் பக்கத்தில் 'போர்ட்ரே' என்று போட்டிருக்கிறார். 'ஆக்ட்' போதாதா என்றேன். ஆக்ட் என்றால் நடிப்பதோடு சரி, இது ஒரு ஆளையே கண்முன் நிறுத்துவது என்றார். அகராதியைப் புரட்டினேன். படமாக வரைவது, சொல்லால் வர்ணிப்பது, மேடையில் நடித்துக் காட்டுவது — மூன்றுக்கும் அதே சொல்தான். ஒருவரை இன்ன மாதிரி ஆளாகக் காட்டுவது என்றும் இருக்கிறது. வீரனாக, கோமாளியாக. எந்த மாதிரி என்று யார் தீர்மானிப்பது? வரைகிறவர்தானே. வரையப்படுகிறவரை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

ஜனவரி 13

நாடகத்துக்கு அக்காவிடம் ஒரு பழைய புடவை இரவல் கேட்டேன். என்ன வேஷம் என்று சொல்ல வாய் வரவில்லை. "பழசு கைக்கு பகவதி? மேடை ஏறப் போறே" என்று தன் கல்யாணப் பட்டுப்புடவையையே எடுத்துக் கொடுத்துவிட்டாள் அக்கா. இந்த ஊருக்கு வந்த புதிதில், பாஷை தெரியாமல் மார்க்கெட்டில் முழித்த என்னைத் தன்னோடு அழைத்துப் போனவள் இவள்தான். அந்த நக்கோ, கைக்கு பேச்சையாவது நாடகத்திலிருந்து எடுத்துவிடலாமே என்று இவரிடம் சொன்னேன். எடுத்துவிட்டால் நாடகத்தில் என்ன இருக்கிறது என்றார்.

ஜனவரி 19

முன்வரிசையில் அக்கா. அவள் புடவையில், அவள் குரலில் நான். முதலில் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தாள். பிறகு பக்கத்திலிருந்தவள் என்னையும் அவளையும் மாறி மாறிக் காட்டி ஏதோ சொன்னாள். அக்கா சிரிப்பு நின்றது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டும் வசனத்தை ஒன்று விடாமல் சொன்னேன். என்னையே கேட்டுக்கொள்கிறேன்: ஏன்டி சொன்னே? கைதட்டல் அவ்வளவு இனிச்சுதா?

ஜனவரி 20

அக்கா வீட்டு மாடிப்படி நான் ஏறவில்லை.

ஜனவரி 22

புடவையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தாள். கோபமா அக்கா என்றேன்.

"இல்லை. நன்றாக நடித்தாய்."

ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாளைக்கு எப்போதும்போல மார்க்கெட்டுக்குச் சேர்ந்து போகலாமா என்று கேட்டேன்.

"வேண்டாம்" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அக்கா என்னிடம் நக்கோ என்றுதான் சொல்லியிருக்கிறாள்.