பவளத்தின் வெப்பம் எங்கே போகிறது

ஏப்ரல் 9, செவ்வாய்
காலையிலிருந்தே புழுக்கம். பாலக்கரையில் ஓர் இலை அசையவில்லை. நாலாம் பாரம் விடைத்தாள் பாதி பாக்கி.

பள்ளி விட்டதும் அச்சாபீஸ். தொட்ட தண்ணீரையெல்லாம் ஐஸாக்கும் பெண் பவளம். அந்தத் தொடர்கதைக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு வேண்டுமாம். எழுதுவது நான் என்று பத்திரிகைக்காரருக்கு மட்டுமே தெரியும். ஆண் பெயரில் வருகிறது.

"கடைசியில அவ அம்மாகிட்ட போய்ச் சேரணும் டீச்சரம்மா. குழந்தைங்க படிக்கிறது."

முடியாது என்றேன். பௌதிகம் இடம் கொடுக்காது.

10, புதன்
குளிர் என்று தனியாக ஒரு பொருள் இல்லை. வெப்பம் வெளியேறினால் குளிர், அவ்வளவுதான். ஒரு கிராம் தண்ணீர் உறைய எண்பது கலோரி வெளியேற வேண்டும். எங்கே போகும்? பவளத்தின் உடம்புக்குள். ஒரு குடத் தண்ணீருக்கே சாதாரணப் பெண் வெந்துபோவாள். இவள் தாங்குகிறாள், ஆனால் அம்மா கட்டிக்கொண்டால் அம்மா பொசுங்கிவிடுவாள். ஆகவே முடிவு: பச்சைமலையில் தனிக் குடிசை. தனியாகவே இருக்கட்டும்.

ஆசிரியர் அறையில் தமிழம்மா: "ரெண்டு மாசமா அந்தப் பொண்ணை யாரும் தொடவே இல்ல. எழுதுறவன் கல்நெஞ்சுக்காரன்." நான் மோரைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

12, வெள்ளி
காய்ச்சல். நேற்று சாயங்காலமே ஆரம்பம். லீவுக்குச் சொல்லியனுப்பக்கூட ஆள் இல்லை. ஜன்னலுக்கு வெளியே உமியும் சாக்கும் போட்டு மூடிய ஐஸ் வண்டி. கீழ்வீட்டில் நோன்பு.

பொழுது சாயும் நேரத்தில் மும்தாஜ் அக்கா மேலே வந்தார். நான் குடிவந்த நாளிலிருந்து வாடகை கொடுக்கும்போது மட்டும் பேச்சு. நெற்றியில் கை வைத்தார்.

"என்ன டீச்சர், இப்படிக் கொதிக்குது. ஒரு குரல் கொடுக்கக் கூடாதா?"

சர்பத்துக்கு வாங்கிய ஐஸைத் துணியில் சுற்றி நெற்றியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். பள்ளிவாசலில் பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழம் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். ஐஸைப் பிடித்த கையை எடுக்கவில்லை. ஒரு தூக்கில் நோன்புக் கஞ்சி.

"தவசு காலத்து வெள்ளிக்கிழமை உங்களுக்குக் கறி ஆகாதுல்ல. கறி போடுறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சேன்."

ஈஸ்டருக்கு முந்தைய எங்கள் விரதம் அவருக்கு எப்படித் தெரியும்? அழுகை வந்தது. காய்ச்சலென்று நினைத்திருப்பார்.

13, சனி
காய்ச்சல் இல்லை. தலை மட்டும் பாரம்.

என் கணக்கு தப்பு. வெப்பம் ஒரே உடம்பில் தங்கும் என்று வைத்துக்கொண்டேன். பக்கத்தில் எது இருந்தாலும் அதற்குப் போகும், இரண்டும் சமமாகும் வரை. நாலாம் பாரத்துப் பெண் இப்படி எழுதியிருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன். பவளத்தை யாராவது அன்றன்றைக்குத் தொட்டுக்கொண்டே இருந்திருந்தால் அவளுக்குள் இவ்வளவு சேர்ந்திருக்காது.

14, குருத்து ஞாயிறு
பூசைக்குப் போய் வந்தேன். குருத்தோலையை ஜன்னலில் செருகினேன். கடைசி அத்தியாயம் முடிந்தது. முதலில் ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒரு கணம் கை பிடிக்கிறார்கள். அம்மா கடைசியில். பொசுங்கவில்லை.

தூக்கு கழுவிக் கவிழ்த்தபடி இருக்கிறது. வெறுமனே திருப்பக் கூடாது, சீனி போட்டுக் கொடுக்கலாம். கொடுத்துவிட்டால் அப்புறம் கீழே போக என்ன காரணம் இருக்கிறது? அலமாரிக்குள் வைத்துவிட்டேன்.

நாலு மணிக்குக் கீழேயிருந்து குரல்.

"டீச்சர், அந்தத் தூக்கைக் கொடுத்தாத்தானே மறுபடி ஊத்த முடியும்?"

அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடினேன். கடைசிப் படியில்தான் சீனி ஞாபகம் வந்தது. வெறும் தூக்கோடு போய் நின்றேன். வாங்கிக்கொண்டார்.