வலப்பக்கத்து மாத்திரை

மே 9

ஹாலிஃபாக்ஸில் காலையிலிருந்து மூடுபனி. எதிர்க்கட்டடம் தெரியவில்லை. தெரியாததால் நஷ்டமும் இல்லை.

நரம்பியல் கருத்தரங்குக்கு இன்னும் பத்து நாள். அமைப்புக் குழுவிடமிருந்து இன்று மட்டும் நான்கு மின்னஞ்சல்கள். முதலாவது, நிகழ்ச்சி நிரல். இரண்டாவது, முதலாவதில் தவறு என்று. மூன்றாவது, இரண்டாவதை மறந்துவிடும்படி. நான்காவது, சீஸ் ஒத்துக்கொள்ளாதவர்கள் வெள்ளிக்குள் சொல்லவும் என்று. இந்தக் கூட்டம்தான் மூளையைப் பற்றி உலகத்துக்கு எடுத்துச் சொல்லப் போகிறது.

என் பேச்சு 21ஆம் தேதி, பத்தே முக்காலுக்கு. நாக்கு நுனிவரை வந்த கெட்ட வார்த்தையை மனிதன் விழுங்கும்போது மூளையின் எந்தப் பக்கம் பாடுபடுகிறது? ஆறு வருடமாக இதுதான் என் பிழைப்பு. நாற்பத்தொரு பேரை ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்க வைத்து, எரிச்சல் மூட்டி, வாயை மூடச் சொல்லிப் பார்த்துவிட்டேன். வலப்பக்கம் என்கிறேன் நான். இடப்பக்கம் என்கிறார் எட்மன்டன் பேராசிரியர் பிர்க்லண்ட். போன வருடம் நான் பேசி முடித்ததும் எழுந்து, "உங்க ஊர்ல மட்டும் மூளையை மாத்தி மாட்டிட்டாங்களோ?" என்று கேட்டார். அரங்கமே சிரித்தது. அதற்கு ரப்பர் மூளையும் கொடுத்தார்கள். பேச்சாளரை அதிகம் திணறடித்த கேள்விக்கு எங்கள் சங்கம் வருடா வருடம் தரும் பரிசு அது. நசுக்கினால் கீச்சென்று கத்தும்.

இந்த வருடம் அந்த ஆளை வாயடைக்க வைக்கிறேன்.

மே 13

வெண்டல் தன் அறைக்குக் கூப்பிட்டார். என் மேற்பார்வையாளர். கெட்ட செய்தி என்றால் மட்டும் நமக்கு நாற்காலி இழுத்துப் போடுவார். இன்று போடவில்லை.

"ரோஸ்லின், செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்துலேர்ந்து மூணு பேர் வராங்க. அங்க ஒரு பேராசிரியர் இடம் காலி. உன் பேச்சைக் கேக்கத்தான் வராங்க. சொதப்பிடாத."

ஆகஸ்டோடு இங்கே என் ஒப்பந்தம் முடிகிறது. முப்பத்தெட்டு வயதில் கையில் இருப்பது இந்த ஒரு வாய்ப்புதான்.

"அப்புறம், பத்தொன்பதாம் தேதி புதுசா வரவங்களுக்குப் பயிற்சி நாள். நீதான் எடுக்கற. உன் அளவுக்குப் பொறுமை யாருக்கும் கிடையாது."

மற்ற எல்லோரும் மாட்டேன் என்றிருக்கிறார்கள். இதில் என் பொறுமையை எதற்கு இழுக்க வேண்டும்?

மே 19

பயிற்சி நாள் ஒரு வழியாக முடிந்தது. இருபத்திரண்டு பேர். புரொஜெக்டர் மூன்று முறை உயிரை விட்டது.

பாடம் எளிது. ஸ்கேனுக்கு முன் ஒவ்வொருவரின் வலது நெற்றிப்பொட்டிலும் ஒரு வைட்டமின் மாத்திரையை டேப் போட்டு ஒட்டுவோம். படத்தில் அது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். மூளை இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். எது வலது என்று அந்தப் புள்ளிதான் சொல்லும். பிறகு கணினியில் படத்தை வேறு வடிவத்துக்கு மாற்றி, மண்டையோட்டை உரித்துத் தள்ளுவோம். மாத்திரையும் அதோடு போய்விடும். மிஞ்சுவது மூளை மட்டும்.

பழகிப் பார்க்க என் சொந்தப் படங்களையே கொடுத்திருந்தேன். எல்லோரும் மதியச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு பொத்தான்களைத் தட்டித் தள்ளினார்கள். ஒருவர் மட்டும் ஒவ்வொரு படியிலும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெர்னா மியூஸ். ஐம்பத்துநான்கு வயது. யார்மத் ஆஸ்பத்திரியில் இருபத்தேழு வருடம் இயன்முறை மருத்துவராக இருந்துவிட்டு, இப்போது லீவு போட்டு முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருக்கிறார்.

"ஒரு சந்தேகம்மா. மாத்திரையை வலப்பக்கம்தானே ஒட்டுவீங்க? படத்தை மாத்தினதுக்கு அப்புறம் எனக்கு இடப்பக்கம் இருக்கே?"

மேடையிலிருந்தே பதில் சொன்னேன். "டாக்டருங்க நோயாளிக்கு எதிர்ல நின்னு பாக்கற மாதிரி பாப்பாங்க. அதுல வலது இடது மாறித்தான் தெரியும். முதல் வாரத்துப் பாடம் இது."

"அது தெரியும்மா. ஆனா இங்க இடதுன்னு எழுத்தே போட்டிருக்கே..."

"மணி பன்னெண்டரை. சாப்பாட்டுக்கு அப்புறம் பாக்கலாமா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். "மன்னிச்சுக்கோங்க, அசட்டுக் கேள்வி" என்று அவர் குனிந்துகொண்டார்.

சாப்பாட்டுக்கு அப்புறம் பார்க்கவில்லை. டோனேர் என்ற இந்த ஊர் இறைச்சிச் சுருளிலிருந்து சாஸ் சட்டையில் கொட்டிவிட்டது. அதைத் துடைக்கவே நேரம் சரியாக இருந்தது.

மே 20, காலை

சமையலறையில் வைட்டமின் மாத்திரையை வாயில் போடப் போனேன். கை நின்றுவிட்டது. 'எழுத்தே போட்டிருக்கே.' நாம் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் எழுத்து மாறாதே.

லேப்டாப்பைத் திறந்தேன். முதல் ஆள். மாத்திரை இடப்பக்கம். இரண்டாவது ஆள், இடப்பக்கம். பத்தாவது. இருபதாவது.

ஐயோ.

நான் எழுதினதுதான். சேர்ந்த முதல் மாசம், படத்தை மாத்தறதுக்காக நானே எழுதின வரி. ஒரே ஒரு வரி. வலதை இடதாத் திருப்பி வெச்சிருக்கேன். அடுத்த படியில மண்டையோட்டை உரிச்சுடறதால மாத்திரை எங்க இருந்துதுன்னு ஒரு நாளும் கண்ணுல படல. ஆறு வருஷம். நாப்பத்தொரு பேர். ரெண்டு கட்டுரை.

மூளையை மாற்றி மாட்டியது நான்தான். அப்படியென்றால் பிர்க்லண்ட் சொன்னது...

அந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. இந்த நேரத்தில் என் மூளையின் இடப்பக்கம் என்ன பாடுபடுகிறது என்று யாராவது ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம்.

மே 20, மாலை

வெண்டலிடம் சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நாளைக்குப் பேசு. இருக்கறபடியே பேசு. வேலை கையில வரட்டும், அப்புறம் சத்தமில்லாம ஒரு திருத்தம் அனுப்பிக்கலாம்."

"தப்புன்னு தெரிஞ்சுமா?"

"யாருக்குத் தெரியும்? உனக்கும் எனக்கும். மண்டையோட்டை உரிச்சாச்சு ரோஸ், இனிமே யாரு பாக்கப் போறா?"

அவர் கெட்டவர் இல்லை. அந்த இரண்டு கட்டுரையிலும் அவர் பெயரும் இருக்கிறது, அவ்வளவுதான். கேட்டபோது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது.

ஐந்து மணிக்கு ஆய்வுப் போஸ்டர்கள் பார்க்கும் நேரம். நூறு பேர் நூறு போஸ்டர்களுக்கு முன் நின்றுகொண்டு, எதிரே வருபவரின் முகத்தைப் பார்க்காமல் கழுத்து அட்டையைப் படிக்கும் சடங்கு. சீஸ் மேசைக்குப் பக்கத்தில் வெர்னா.

"நேத்து நேரத்தை வீணாக்கிட்டேன், மன்னிச்சுக்கோங்கம்மா. இதெல்லாம் என் வயசுக்கு இல்லபோல இருக்கு. லீவு முடிஞ்சா ஆஸ்பத்திரிக்கே திரும்பிடலாமான்னு பாக்கறேன். சின்னப் பசங்கல்லாம் டக்குடக்குன்னு முடிச்சுடறாங்க. நான் நின்னு நின்னு பாத்துட்டு இருக்கேன்."

அங்கேயே சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். நான் சொன்னது: "இந்த வெள்ளை சீஸ் நல்லா இருக்கு, எடுத்துக்கோங்க."

தூ.

மே 21

பேசிவிட்டேன்.

செயின்ட் ஜான்ஸ் மூவரும் முதல் வரிசை. பிர்க்லண்ட் இரண்டாவது வரிசையில், வழக்கம்போலக் காலை நீட்டிக்கொண்டு. வெர்னா கடைசியில், கதவோரம்.

வண்ணப் படங்கள் எதையும் காட்டவில்லை. மண்டையோட்டோடு ஒரு படம். அதில் வெள்ளைப் புள்ளி. "இந்த மாத்திரையை வலப்பக்கம் ஒட்டினேன். இது இருக்கறது இடப்பக்கம். ஆறு வருஷமா நான் சொன்னது அத்தனையும் பக்கம் மாறின கதை" என்றேன். "முந்தாநாள் ஒருத்தர் இதைக் கண்டுபிடிச்சு என்கிட்ட சொன்னாங்க. அவங்க திரையைக்கூடப் பாக்காம நான் பாடம் நடத்தினேன். அவங்க என்கிட்ட மன்னிப்பு கேட்டாங்க. கேட்டிருக்க வேண்டியது நான். வெர்னா, கொஞ்சம் எழுந்திருங்க."

அவர் எழவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் கிட்டத்தட்டத் தூக்கியே நிறுத்தினார்கள்.

பிர்க்லண்ட் கை தூக்கினார். அடியை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

"இது கேள்வி இல்ல, ஒரு கருத்து" என்றார். அரங்கம் முனகியது. எல்லாக் கருத்தரங்கிலும் இந்த வார்த்தைக்கு முனகத்தான் செய்வார்கள். "ஜெயிச்சுட்டேன்னு சொல்லத்தான் கை தூக்கினேன். தூக்கினப்புறம் ஞாபகம் வருது. எங்க ஆய்வகத்துல நாங்க மாத்திரையே ஒட்டறதில்ல."

உட்கார்ந்து தன் லேப்டாப்பைத் திறந்தார்.

பிறகு மூன்றாவது வரிசையில் ஒரு லேப்டாப் திறந்தது. பின்னால் நான்கு. அப்புறம் அரங்கம் முழுக்க. அடுத்துப் பேச வேண்டியவர் மேடைப் படியில் உட்கார்ந்து தன் படங்களைத் தேடிக்கொண்டிருந்தார். நான் இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை.

செயின்ட் ஜான்ஸ் மூவரும் சாப்பாட்டுக்கு நிற்காமல் போய்விட்டார்கள்.

மே 22

ரப்பர் மூளை வெர்னாவுக்கு. பயிற்சி வகுப்பில் கேட்ட கேள்விக்கு அதைக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. விருந்து முழுக்க லாப்ஸ்டர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கீச்சுகீச்சென்று நசுக்கிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்கவே இல்லை.

ஜூன் 17

செயின்ட் ஜான்ஸிலிருந்து கடிதம். 'தங்கள் நேர்மையை மிகவும் மதிக்கிறோம்' என்று தொடங்குகிறது. மிச்சத்தைப் படிக்க வேண்டியதில்லை. படித்தேன், அழுதேன்.

ஜூலை 8

இரண்டு கட்டுரைகளையும் திரும்பப் பெற்றாயிற்று. வெண்டல் என்னிடம் பேசுவதில்லை. காலை வணக்கத்தைக் கதவுக்குச் சொல்கிறார்.

பிர்க்லண்டிடமிருந்து இரண்டு வரி. ஆறு புது ஆட்களுக்கு மாத்திரை ஒட்டிப் பார்த்தாராம். 'இடதுதான். திருத்தியபின் உங்கள் நாற்பத்தொரு பேர்தான் எனக்கு இருக்கும் மிகச் சிறந்த சாட்சி.' கெட்ட வார்த்தை ஒன்று வந்தது. விழுங்கவில்லை.

ஆகஸ்ட் 30

மேசையைக் காலி செய்தேன். இழுப்பறையில் ஒரு புட்டி வைட்டமின் மாத்திரை மிச்சம். எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 3

சங்கத்திலிருந்து அழைப்பு. அன்றைக்கு லேப்டாப்பைத் திறந்தவர்களில் மூன்று ஆய்வகங்களுக்குப் பக்கம் மாறியிருந்ததாம். பயத்தில், ஊர் ஊராகப் போய்ப் பயிற்சி எடுக்க முழுநேரமாக ஓர் ஆள் வேண்டும் என்கிறார்கள். இந்தத் தப்பில் என்னைவிட அனுபவசாலி யார் இருக்கிறார்கள்? சரி என்று சொல்லிவிட்டேன்.

மே 18

பயிற்சி நாள். முப்பத்தெட்டு பேர். துணைக்கு வெர்னா. புரொஜெக்டர் ஒரு முறைதான் உயிரை விட்டது.

பன்னிரண்டரைக்கு, எல்லோரும் கதவைப் பார்க்கும் நேரத்தில், பின்வரிசையில் ஒரு கை. "இது அசட்டுக் கேள்வியா இருக்கலாம்..."

இறங்கிப் போனேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன். அசட்டுக் கேள்விதான். பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.