எட்டாம் கோட்டைப் பலகையில் நேர்ந்த குறை குறித்து நீள்கரை வேந்தர் விடுத்த ஓலை

திரு நிலைபெறுக. மழை தன் பருவத்தில் பெய்க. உளி பிடித்த கைகள் வலி அறியாதிருக்க.

மூன்று துறைமுகங்களுக்கும் அவற்றின் விளக்குமாடங்களுக்கும் காவலரும், கடலோர உப்பளங்கள் யாவற்றுக்கும் உரியவரும், சுறாக்கொடி உயர்த்தியவரும், ‘ஏழுவாயிற் கோட்டை’ ஆட்டத்தின் முதற்பலகை தொடங்கி ஏழாம் பலகை ஈறாக ஒன்று விடாமல் ஆடி முடித்தவரும் ஆகிய நீள்கரை நாட்டு அரசர் ஆழிநெடுங்கோ, தேக்கந்துறை நாட்டில் ஆட்டப்பலகை செதுக்கும் தச்சர்களின் தலைவராகிய கீரந்தையாருக்கு விடுக்கும் ஓலை. உம் நாட்டுக் காடுகள் தழைக்க. உம் ஆறுகளில் தோணிகள் தட்டின்றிச் செல்க. உம் அரசரின் முழங்கால் வலி இவ்வாண்டேனும் நீங்குக.

எம் பட்டங்களில் கடைசியாகச் சொன்னதை ஓலையில் சேர்ப்பது முறையன்று என எம் ஓலைநாயகம் நக்கங்கண்ணனார் விண்ணப்பித்தார். மற்றவையெல்லாம் பிறப்பால் வந்தவை, அது ஒன்றே யாம் பாடுபட்டுப் பெற்றது, ஆதலால் எழுதுக என்றோம். எழுதிவிட்டார், முகச்சுளிப்பு மட்டும் இன்னும் போகவில்லை.

உம் ஆட்டத்தை உமக்கே விளக்குவது வேடிக்கைதான். ஆயினும் இவ்வோலை உம் அரசரின் அவையிலும் வாசிக்கப்படும் என்பதாலும், அவர் பகடையன்றி வேறு ஆட்டம் அறியாதவர் என்பதாலும், சுருங்கச் சொல்கிறோம். பலகை ஒவ்வொன்றும் ஒரு கோட்டை. அதற்கு வாயில்கள் ஏழு. காரி என்னும் தூதன் ஏழையும் கடந்து உள்ளே செய்தி சேர்க்க வேண்டும். ஆடுவோர் இருவர். ஒருவர் கையிலுள்ள ஓலைக்கட்டு, ஒவ்வொரு வாயிலின் வெளியே காரி காண்பதைச் சொல்லும். மற்றவர் கையிலுள்ளது வாயிலின் உட்புறத்தில் இருப்பதைச் சொல்லும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் தாழ் எங்கே என்பது புலப்படும். ஓரூரில் இருப்போர் பேசி ஆடுவர். வேற்றூரில் இருப்போர் ஆளுக்கொரு பலகை வாங்கி, ஒருவர் உட்கட்டையும் மற்றவர் வெளிக்கட்டையும் மட்டும் பிரித்து, ஒருவருக்கொருவர் ஓலை விடுத்து ஆடுவர். உம் அரசருக்கு இதுவே போதும்.

முதற்பலகை எம் அரண்மனைக்கு வந்தபோது எமக்கு வயது பத்து, எம் தங்கை கொன்றைவல்லிக்கு எட்டு. உட்கட்டு யாருக்கு, வெளிக்கட்டு யாருக்கு என்ற சண்டையில் முதல் நாள் முழுவதும் கழிந்தது. அவர் எம் கையைக் கடித்தார். யாம் அவர் சடையைத் தூணில் கட்டினோம். அன்று மாலையே முதல் வாயிலைத் திறந்தோம். மூன்றாம் பலகையாகிய உப்புக்கோட்டையை ஆடிய நாட்களில் எமக்கு முடிசூட்டுவிழா ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. எங்கே நிற்பது, எப்போது குனிவது என்று எதுவும் மனத்தில் ஏறவில்லை. ஆறாம் வாயிலிலேயே நினைவு இருந்தது. விழாவன்று தலைமைப் புரோகிதருக்கு முதுகு காட்டி நின்றோம். நாடு இன்றளவும் அதைச் சொல்லிச் சிரிக்கிறது. அதன் பொருட்டு உம்மை ஒருபோதும் கடிந்ததில்லை.

அத்தகைய யாம், எட்டாம் பலகை வருகிறதென்று கேள்வியுற்று அவையை மூன்று நாள் கலைத்தோம். பலாச்சுளை வறுவல் இரண்டு பானை ஆயத்தமாயிற்று. இரண்டு நாட்டுத் தூதுவர்கள் வெளிமண்டபத்தில் காத்திருந்தனர். எமக்குக் காய்ச்சல் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. பட்டுறையை அவிழ்த்தோம். கீரந்தையாரே, மரவேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மதிலில் நீர் செதுக்கியிருந்த கொடிகளை விரலால் தடவித் தடவிப் பார்த்தோம். ஒரு கொடியில் அணில் ஒன்று ஒளிந்திருந்தது கண்டு சின்னப்பிள்ளை போல் கைகொட்டினோம்.

அதன்பின் ஆடத் தொடங்கினோம்.

முப்பது ஆண்டுகளாகக் காரியாக யாம் நகர்த்திவரும் கருங்காலிக் காய், கோட்டைக்கு ஒன்றாக ஏழு கீறல் தாங்கியது, புதுப்பலகையின் குழியில் இறங்கவில்லை. குழிகளைச் சிறிதாக்கிவிட்டீர். பளபளப்பான புதுக்காய் ஒன்று உடன் வந்திருந்தது. அதனிடம் எமக்கு என்ன பழக்கம்? சரி, பொறுத்தோம். அடுத்து, எங்கே செல்வது என்று யாம் தவிக்கலாகாதென எண்ணிச் செஞ்சாந்தால் வழிநெடுகக் கோடு இழுத்து வைத்திருந்தீர். எம் யானைப்பாகருக்கும் இவ்வளவு தெளிவாக யாரும் வழி காட்டியதில்லை. அதையும் பொறுத்தோம். ஆனால் ஓடக்காரன் மூக்கனை என்ன செய்தீர்? ஏழு பலகைகளிலும் காரியை ஏற்றிக்கொண்டு, வடக்கே போகச் சொன்னால் தெற்கே போய், கேட்டதற்கெல்லாம் பொய்யே சொல்லி, கடைசியில் தானும் வழி தெரியாமல் அழுத மூக்கன், எட்டாம் பலகையில் மெய் பேசுகிறான்! இரண்டாம் வாயில் இடப்பக்கம் என்கிறான். போய்ப் பார்த்தால் இடப்பக்கத்தில்தான் இருக்கிறது. யாம் பலகையை மூடிவைத்துவிட்டுத் தோட்டத்தில் சற்று நடந்தோம். வறுவலும் இறங்கவில்லை.

இவையெல்லாம் ஆட்டப்பித்தர் ஒருவரின் புலம்பல். இவற்றுக்காக அரச ஓலை விடுப்பதில்லை. காரணம் வேறு.

எட்டாம் பலகையில் உள்ளோலையையும் வெளியோலையையும் ஒரே கட்டாகக் கட்டிவிட்டீர். இனி யார் துணையுமின்றி ஒருவரே ஏழு வாயிலும் திறக்கலாம். யாம் இரண்டரை நாளில் திறந்து முடித்தோம். முடித்தபின் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அமர்ந்திருந்தோம்.

கொன்றைவல்லியார் இன்று முகிற்கோட்டு நாட்டின் அரசியார். அந்நாடு இங்கிருந்து பதினொரு நாள் மலைவழி. எமக்கு முடி தந்து ஓய்ந்திருந்த எம் தந்தையார் நோயுற்றபோது, இரண்டு நாளில் தேறிவிடுவார், மகளை ஏன் கலங்கடிக்க வேண்டும் என்று எண்ணி யாம் ஓலை விடுக்கத் தாமதித்தோம். அவர் வந்து சேர்ந்தபோது ஈமச்சடங்கும் முடிந்திருந்தது. விடைபெறாமல் மலையேறினார். ஓராண்டுக் காலம் அந்நாட்டிலிருந்து எமக்கு ஓலை வரவில்லை. யாம் விடுத்தவற்றுக்கு மறுமொழியும் இல்லை.

பின்னர் உம்முடைய ஐந்தாம் பலகை வந்தது. இருவரும் தனித்தனியே வாங்கியிருக்கிறோம் என்பது இருவருக்கும் தெரியாது. ஒருநாள் முகிற்கோட்டிலிருந்து ஓர் ஓலை வந்தது. வணக்கமில்லை, நலவிசாரணையில்லை. “முதல் வாயிலின் வெளியே மூன்று யானைகள் நிற்கின்றன. ஒன்றுக்குத் தந்தம் இல்லை. உன்னிடம் உள்ளே என்ன இருக்கிறது?” என்று மட்டும் எழுதியிருந்தது. யாம் அப்பலகையை வாங்காமல் இருந்திருக்கமாட்டோம் என்று ஊகித்தார் போலும். யாம் அவையை விட்டு எழுந்து பலகையை எடுக்க ஓடியதை இந்த நக்கங்கண்ணனாரே கண்டார். உள்ளே ஒரு கரும்புக்கட்டு இருக்கிறது என்று எழுதினோம்.

நான்காம் வாயிலில் ஓலையின் தலைப்பில் “அண்ணாவுக்கு” என்பது சேர்ந்தது. ஆறாம் பலகையில் ஓலைகள் நீண்டன. ஐந்தாம் வாயிலில் வெளியே பாம்பு சுருண்டிருக்கிறது, இங்கே மூன்று நாளாகப் பனி, என் மகன் அடுப்புக்கரியைத் தின்றுவிட்டான், நலமாகத்தான் இருக்கிறான், உள்ளே என்ன என்று விரைந்து எழுது என்பார். பாம்புக்கு விடை ஒரு வரியில் முடியும். கரி தின்ற மருமகனுக்கு இரண்டு ஓலை வேண்டும். தந்தையாரைப் பற்றி அவரும் எழுதவில்லை, யாமும் எழுதவில்லை. வாயில்களைப் பற்றியே எழுதினோம். அதுவே எமக்குப் பெரிதாக இருந்தது.

எட்டாம் பலகையை ஆடியபின் அவரிடமிருந்து வந்த ஓலை இது: “ஆடி முடித்துவிட்டேன். நன்று. இங்கு அனைவரும் நலம்.” பின்புறம் ஏதேனும் எழுதியிருக்கிறாரா என்று திருப்பிப் பார்த்தோம். இல்லை. அது வந்து நான்கு திங்கள் ஆகிறது.

சினம் தலைக்கேறியது. இருவர் ஆட்டத்தை ஒருவர் ஆட்டமாக்கச் சொன்ன மூடன் யார் என்று கேட்டுவரும்படி எம் தூதர் வேட்டுவனாரை உம் பட்டறைக்கு அனுப்பினோம். அவர் திரும்பிவந்து தலை நிமிராமல் நின்றார். அம்மூடன் சொன்னதை அப்படியே படியெடுத்து வந்திருப்பதாகவும், வாசிக்கும் பணியை வேறெவர்க்கேனும் தந்தருள வேண்டும் என்றும் விண்ணப்பித்தார். வாங்கி யாமே வாசித்தோம். அதன் அடியில் எம் சுறா இலச்சினையும் பிசகாமல் படியெடுக்கப்பட்டிருந்தது.

நினைவுக்கு வந்தது. ஏழாம் பலகையின் நான்காம் வாயிலில் எம் தங்கையாரின் மறுமொழிக்கு நாற்பது நாள் காத்திருந்தோம். அடுத்த வாயிலைக் காணும் ஆவலில் ஊண் உறக்கம் இல்லை. பொறுமையிழந்து, “வாயில்களை ஒருவரே திறக்கும் வகை செய்க, பிறர் மறுமொழிக்குக் காத்திருக்கும் துன்பம் இனி எவர்க்கும் வேண்டா” என்று உமக்கு ஓலை விடுத்தோம். அது போன ஆறாம் நாள் தங்கையாரின் ஓலை வந்தது. எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஒரு திங்களாக விடாத காய்ச்சல் என்றும், மருத்துவர் எழக்கூடாதென்று சொல்லியும் அண்ணன் காத்திருப்பானே என்று எழுந்து எழுதுவதாகவும் ஓரத்தில் குறித்திருந்தார். தாமதத்தைப் பற்றி வாய் திறக்க, உலகத்தில் எல்லாரையும் விட்டு, எமக்கா தகுதி! அன்று வெட்கப்பட்டோம். ஆனால் உமக்குப் போன ஓலையைத் திரும்பப் பெற வேண்டும் என்று தோன்றவில்லை. ஆட்டத்தின் மும்முரம்.

அரச இலச்சினையோடு வரும் ஓலையைச் செதுக்குமேடைக்கு மேலே சுவரில் மாட்டி, காலைதோறும் உளி தொடும் முன் உரக்க வாசித்து, அதில் ஓர் எழுத்தும் பிசகாமல் செய்வது உம் பட்டறையின் வழக்கம் என்று வேட்டுவனார் சொன்னார். மூன்று ஆண்டுகள், நாள்தோறும், எம் எரிச்சலை உம் தச்சர்கள் வாசித்திருக்கிறார்கள். உமக்கே இது பிடிக்கவில்லை என்றும், இருகட்டு வேண்டுமென்று உம் மகளார் வாதாடினார் என்றும், அரசர் வாக்கை மீறலாகாதென நீர் அவரை அடக்கினீர் என்றும் அறிந்தோம். உம் மகளாரிடம் யாம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்க. மூடன் யார் என்று கேட்டு ஆள் அனுப்பியதற்கும் சேர்த்துக் கேட்கிறோம்.

ஆதலால் எம் முந்தைய ஓலையை இன்றே சுவரிலிருந்து இறக்கி ஆற்றில் விடுக. இவ்வோலையை அவ்விடத்தில் மாட்டற்க. அரசர் சொல்வதிலும் பாதி வெறும் எரிச்சல் என்று உம் தச்சர்கள் அறிந்திருத்தல் நன்று. ஒன்பதாம் பலகையில் குழிகள் எவ்வளவு சிறுத்தாலும் பொறுப்போம், கோடுகள் எவ்வளவு இழுத்தாலும் பொறுப்போம். மூக்கன் மட்டும் பொய் சொல்க. ஓலைக்கட்டு இரண்டாகவே இருக்க.

இவ்வளவுக்கு எதற்கு ஆட்டம், தங்கையாருக்கு நேரே எழுதலாமே என்று நக்கங்கண்ணனார் இப்போது, எழுதிக்கொண்டிருக்கும்போதே, விண்ணப்பிக்கிறார். மூன்று நாள் முயன்றோம். நலமா என்று எழுதியபின் எழுத்தாணி நகரவில்லை. எமக்குத் தெரிந்ததெல்லாம் கோட்டை வாயில்களை வைத்து எழுதுவதுதான்.

ஒன்பதாம் பலகை வர மூன்று ஆண்டு ஆகும். அவ்வளவு காலம் எம்மால் காத்திருக்க இயலாது. எனவே ஆணையாக அன்று, வேண்டுகோளாக ஒன்று சொல்கிறோம். ஒரே ஒரு வாயில் உடைய சிறுபலகை ஒன்றைச் செதுக்கித் தருக. கதவின் வெளியே ஒரு தூதன் நிற்கட்டும். அவன் கையில் ஓர் ஓலை இருக்கட்டும். அவன் பிந்தி வந்தவன் என்பதும், அது தன் பிழை என்பதை அவன் அறிவான் என்பதும் பார்த்தவுடன் தெரிய வேண்டும். அப்படிச் செதுக்க உம் மகளாரால் இயலும். வெளியோலையில் இதையே எழுதுக. உட்புறத்தில் என்ன இருக்கிறது என்பதை யாம் சொல்வதற்கில்லை. அதை முகிற்கோட்டுக்கு ஆள் விடுத்து அரசியாரிடமே கேட்டு, அவர் சொல்வதைச் செதுக்குக. கதவு திறக்கவே வேண்டா என்று அவர் சொன்னால், திறவாத கதவாகவே செதுக்கி அனுப்புக. அதையும் ஆடுவோம்.

இங்ஙனம் நீள்கரைக் கோநகரில் சொல்லச் சொல்ல எழுதப்பெற்று, எம் கையால் சுறா இலச்சினை பொறிக்கப்பெற்றது. காணும் நாடுகள் இவ்வோலைக்கு வழி தருக. சுமப்போர் கால் நோகாதிருக்க. மறுமொழிக்கு எத்தனை நாள் ஆயினும் ஆகுக. காத்திருக்கிறோம் என்று அரசியாரிடம் சொல்க.