முள் ஏறுதா?

ஐப்பசி, திங்கள்

விடியலிலிருந்து தூறல். திருவரங்குளத்து வாழை இலைக் கட்டுகளை மணமேல்குடியில் இறக்கிவிட்டுத் திரும்பினேன். அறந்தாங்கி தாண்டி பைக்கில் ஒருவர் குறுக்கே வந்து மறித்தார். "எம்புட்டுத் தூரமா இண்டிகேட்டரப் போட்டுக்கிட்டே போறீங்க? திரும்புவீங்களா மாட்டீங்களா?"

டிக் டிக் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. டாஷ்போர்டில் அந்தப் பச்சை விளக்கு செத்துப் பல வருடம். ஆயில் விளக்கும் அப்படித்தான். டெம்பரேச்சர் முள் அசையாது. டீசல் முள் பொய் சொல்லும். ஹெட்லைட்டைப் போட்டால் டேங்க் நிறைந்துவிடும்.

கவலைப்பட்டதே இல்லை. இந்தப் பழைய பிக்கப்பைக் காதால்தான் ஓட்டினேன். எஞ்சின் சூடானால் சத்தம் மாறும், ஆயில் குறைந்தால் தட்டும். இப்போது வலது காது சுத்தமாகக் கேட்பதில்லை. இடது காதில் எந்நேரமும் மின்விசிறி இரைச்சல். நேரே முகத்தைப் பார்த்துப் பேசினால் புரிகிறது. நரம்புக் கோளாறு, காதுக்கு மெசின் வைக்கலாம், வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு வாங்க என்றார் டாக்டர். ஒரு மாதம் ஆயிற்று. மனைவி செல்வியிடம் சொல்லவில்லை. சொன்னால் வண்டியை எடுக்க விடமாட்டாள்.

இனிக் கண்ணால்தான் ஓட்ட வேண்டும். எல்லாம் வேலை செய்தாக வேண்டும். எல்லாமே.

செவ்வாய்

மழை இல்லை. புதுக்கோட்டை. எலெக்ட்ரீஷியன் காசி ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. "போர்டையே மாத்திருவோம்ணே. பழைய வண்டி, சாமான் வர ஒரு வாரமாகும்."

ஒரு வாரம் நின்றால் லோடு வேறு வண்டிக்குப் போய்விடும். மாட்டேன் என்றேன்.

"அப்ப நீங்களே பாருங்க." கோபமில்லை. எப்படிப் பார்ப்பது என்று சொல்லி, சின்ன பல்பு இரண்டும் கொடுத்தான்.

மத்தியானம் மீட்டர் போர்டைக் கழற்றினேன். ஒரு ஸ்க்ரூ மழுங்கல், கட்டைவிரலில் கீறல். பின்னால் குளவிக்கூடு. பச்சை, ஆயில் இரண்டு பல்பும் கறுத்துக் கிடந்தன. மாற்றினேன். சாவி போட்டதும் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது, ஸ்டார்ட் ஆனதும் அணைந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

டீசல் முள்ளுக்கு, போர்டின் எர்த் வயர் பாடியில் சேரும் இடத்தில் துரு. உப்புத்தாளால் தேய்த்துப் புது வயர். ஹெட்லைட்டைப் போட்டேன். முள் கால் டேங்கிலேயே நின்றது. நிஜமாகவே கால் டேங்க்தான்.

டெம்பரேச்சர் முள் மட்டும் மசியவில்லை. சாப்பாடு ஆறிப்போனது. செல்வி: "இத்தன வருசம் இல்லாத அக்கறை இப்ப என்ன?" சிரித்துச் சமாளித்தேன்.

புதன்

நல்ல வெயில். காசி சொன்ன வழி: எஞ்சினில் சூடு பார்க்கும் சென்சாரின் வயரைக் கழற்றிப் பாடியில் தொட வேண்டும். முள் ஏறினால் முள் சரி, சென்சார்தான் கோளாறு. உள்ளே ஒரு ஆள் முள்ளைப் பார்க்க வேண்டும். செல்வியை உட்கார வைத்தேன். நான் பானட்டுக்குள்.

தொட்டேன். "ஏறுதா?"

பதில் இல்லை.

வயர் நுனியைச் சுரண்டி மறுபடி. "ஏறுதா செல்வி?"

இல்லை. நாலைந்து தடவை. கடைசியில் எரிச்சலாகிக் கத்தினேன். "ஏறுதா இல்லையான்னு வாயத் தொறந்து சொன்னா என்ன?"

தோளில் கை. செல்வி. தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகத்துக்கு நேரே வந்து சொன்னாள். "ஏறுது ஏறுதுன்னு தொண்டை கிழியக் கத்துறேங்க. தெருவுக்கே கேக்குது."

ஸ்பானரைத் துடைத்தேன். துடைத்ததையே துடைத்தேன்.

"எப்ப இருந்துங்க?"

"ஆடிலேருந்து."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"வண்டிய நிப்பாட்டச் சொல்லுவ."

அழுவாள் என்று நினைத்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி கேபினில் ஏறினாள். ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டினாள். தூக்கிக் காட்டினாள்: ஏறுது. தாழ்த்தினாள்: எறங்குது. புரிந்ததா என்று தலையை நீட்டிப் பார்த்தாள்.

தொட்டேன். கை மேலே. எடுத்தேன். கை கீழே. முள் சரி. சென்சார்தான்.

சென்சார் வாங்க அவளும் கூடவே வந்தாள். "நாளைக்கு லோடுக்கு நானும் வாரேன். நாளன்னைக்கு டாக்டர்கிட்ட போறோம்." கேட்கவில்லை, சொன்னாள்.

வியாழன்

மறுபடி தூறல். செல்வி பக்கத்து சீட்டில், மடியில் புளிச்சோற்று டப்பா. புது சென்சார் மாட்டியாயிற்று; முள் பாதியில், சரியான சூட்டில் நின்றது. அறந்தாங்கி தாண்டியதும் பாதிக்கு மேல். அவளுக்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன். ஓரங்கட்டினேன். ரேடியேட்டர் ஹோஸ் கிளிப் தளர்ந்து தண்ணீர் சொட்டல். ஆறவிட்டு, முறுக்கி, தண்ணீர் ஊற்றிக் கிளம்பினோம். பார்க்காமல் போயிருந்தால் எஞ்சின் போயிருக்கும்.

மணமேல்குடியில் இலை வியாபாரி ரத்தினம் அண்ணன்: "ஏம்ப்பா லேட்டு?" ஹோஸைச் சொன்னேன். செல்வி என்னைப் பார்த்தாள். காதையும் சொன்னேன்.

அவர் நேராக என் முகத்தைப் பார்த்து, "மெசின் வைக்கிற வரைக்கும் எந்தம்பி ஓட்டட்டும். ஒன் வண்டிதான், ஒன் லோடுதான். நீ பக்கத்துல ஒக்காந்து வா."

சுருக்கென்றது. சரி என்றேன்.

வெள்ளி

ஆஸ்பத்திரி. சரியான கூட்டம். காதுக்கு அச்சு எடுத்தார்கள், ஜில்லென்று ஏதோ ஊற்றி. கேட்க வேண்டியதையெல்லாம் செல்வியே கேட்டாள். மெசின் வர இரண்டு வாரம்.

திரும்பி வந்தால் வாசலில் ரத்தினம் அண்ணனின் தம்பி. டாஷ்போர்டைத் தட்டிப் பார்த்து, "இதெல்லாம் வேல செய்யுதாண்ணே?"

"எல்லாம் செய்யுது. பாத்து ஓட்டு."

மெசின் வரும்வரைக்கும்தான் என்று அவனிடம் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்தேன்.