மாண்ட்ரியலில் வைத்த விரல்

நவம்பர் 13, வியாழன். ஈசா டவுன், பஹ்ரைன்.

ஸ்டெல்லா இன்று ஆஸ்பத்திரியில் ராஜினாமா கொடுத்துவிட்டாள். டியூட்டி முடிந்து வந்ததும் போனை நீட்டினாள். "நாம போற எடத்தக் காட்டுங்க. கூட வேல பாக்குற சிஸ்டர்மாரு கேக்காங்க."

கனடாவின் கியூபெக் மாகாண வரைபடத்தைத் திறந்து மாண்ட்ரியலில் விரலை வைத்தேன். பெரிய நகரம், ஆறு, கோயில்கள், தமிழ்க் கடைகள். அங்கே நர்ஸ் வேலைக்குச் சேரத்தான் அவள் பிரெஞ்சு படிக்கிறாள். எனக்கு எலக்ட்ரீஷியன் வேலை கிடைத்திருப்பதோ வடக்கே, ஒரு சுரங்கத்தில். சொன்னால் வரமாட்டாள் என்று இன்னும் சொல்லவில்லை. ராஜினாமாவுக்கு முன்னாலாவது சொல்லியிருக்க வேண்டும்.

அவள் படத்தை விரலால் கீழே இழுத்தாள். ஆற்றங்கரையில் நெருக்கியடித்து நின்ற ஊர்ப்பெயர்கள் சீக்கிரமே தீர்ந்துபோயின. அதற்கு மேலே காடும் ஏரியும்தான். என் சுரங்கத்துக்குப் பக்கத்தில் வந்து விரல் நின்றது.

"இவ்வளவு பெரிய எடத்துல ஆளே இல்லியே. நல்லவேள, நமக்குக் கீழ கெடச்சுது."

"ஆமா" என்றேன்.

போனை வாங்கி, படத்தை மறுபடி மாண்ட்ரியலுக்கு நகர்த்திக் கொடுத்தேன். அவள் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து சிஸ்டர்மாருக்கெல்லாம் அனுப்பினாள்.