அப்பா வாசித்த ஆறு எண்கள்

ஜூன் 27, வெள்ளி

பயமாக இருக்கிறது. கவுன்சிலிங்குக்குக் கொடுக்கும் கல்லூரிப் பட்டியலில், வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய மல்லேஸ்வரம் கல்லூரிதான் முதலில் என்று அப்பாவும் நானும் பேசி வைத்திருந்தோம். இன்று சந்தாபுரா சைபர் சென்டரில் அதைக் கீழே தள்ளிவிட்டு, ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டிய தார்வாடு கல்லூரியை முதலில் போட்டுவிட்டேன். பட்டியலை உறுதிசெய்யும் ஓடிபி அப்பா போனுக்குத்தான் போகும். அவர் அத்திபெலே குடோனில் வேலைக்கு நடுவே வெளியே வந்து, போனில் ஒவ்வொரு எண்ணாக இரண்டு தடவை வாசித்தார்.

"சரியா சொன்னேனா கண்ணு? லாக் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சுப்பா."

இனி மாற்ற முடியாது. எந்தக் கல்லூரி கிடைத்தது என்ற மெசேஜும் அதே போனுக்குத்தான் வரும். "எப்ப வந்தாலும் கேக்கணும்" என்று சத்தத்தை முழுசாகக் கூட்டி, தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறார்.