அவளுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்

ஜூன் 2, செவ்வாய்

இன்று காதுக்கருவிக் கடையில் ஒன்பது பேருக்குப் பரிசோதனை. கடைசியாக வந்த பெரியவரிடம், சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் என்றேன். நான் ஒலியே போடாதபோதும் தூக்கிக்கொண்டிருந்தார். "என்னங்கய்யா கேக்குது?" என்றேன். "ஒண்ணும் கேக்கலம்மா. கேக்கலன்னு சொன்னா மெஷின் மாட்டிவிட்ருவீங்களே" என்றார்.

மதியம் பீட்காரர் செய்தி அனுப்பினார். டயர் கடையில் வேலை, சாயங்காலம் ஆனால் எங்கள் எல்லாருடைய பாட்டுக்கும் தாளம் அமைப்பவர். எனக்குப் பின்னால் நின்று பாடிக்கொண்டிருந்த குண்டூசியின் பாட்டை இரண்டு நாளில் எண்பதாயிரம் பேர் கேட்டிருக்கிறார்களாம். பக்கத்தில் தீப்பொறி படம் வேறு. என் கடைசிப் பாட்டை ஏழு மாதத்தில் இரண்டாயிரத்து நூறு முறை கேட்டிருக்கிறார்கள். அதில் பாதி நானே கேட்டது.

பதினொரு வருடம். முதன்முதலில் சபையில் ராப் பாடியபோது இரண்டு மூப்பர்கள் எழுந்து வெளியே போனார்கள். அன்று ஏச்சு வாங்கியது நான். இன்று கைதட்டு வாங்குவது அவள்.

"சந்தோஷம், தேவனுக்கு மகிமை" என்று பதில் போட்டேன்.

ஜூன் 6, சனி

நாலு மணிக்குக் கேட்பு. சபையின் பின்னறையில், உடைந்த ஆர்கனுக்கும் அடுக்கிய நாற்காலிகளுக்கும் நடுவே நாங்கள் உட்காருவோம். புதுப் பாட்டு வைத்திருப்பவர் பாட, மற்றவர்கள் குறை சொல்ல வேண்டும். சுவரில் அட்டை தொங்குகிறது. சிவப்பு மையில் நானே எழுதியது: "குறை இருந்தால் முகத்துக்கு நேரே சொல். வெளியே போனால் நல்லதைச் சொல், இல்லையென்றால் சும்மா இரு."

குண்டூசி பாடினாள். ஆள் ஒல்லி, சொல் கூர்மை. அந்தப் பெயரை வைத்ததும் நான்தான்.

*கதவைச் சாத்தினேன், ஜன்னலைத் தட்டினார்,*
*ஜன்னலைச் சாத்தினேன், சுவரையே தட்டினார்...*

குறை தேடினேன். பேன் பார்ப்பதுபோல் வகிடு வகிடாகத் தேடினேன். கடைசியில், "மூணாவது சரணத்துல மூச்சு வாங்க இடமே இல்ல" என்றேன். அது உண்மைதான்.

உடனே குறித்துக்கொண்டாள். "அதுக்குத்தான் நீங்க எனக்குப் பின்குரல் குடுக்கணும்க்கா" என்று சிரித்தாள்.

பின்குரல்! ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் பின்னால் நிற்பவர் பிடித்துச் சொன்னால், முன்னால் பாடுகிறவருக்கு அந்த இடைவெளியில் மூச்சு கிடைக்கும். மூன்று வருடம் அவள் எனக்குச் செய்த வேலை அது. இப்போது நான் அவளுக்கா? விளையாட்டாகத்தான் சொன்னாள், நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது.

ஜூன் 9, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

காலையில் இருபது சபைகள் சேர்ந்து நடத்தும் இசைவிழாவின் அமைப்பாளரிடமிருந்து அழைப்பு. உள்விளையாட்டு அரங்கம், மூவாயிரம் பேர். பெயரைத் திரையில் பார்த்தேன். பரிசோதனை அறைக்குள் இருந்த அம்மாவை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடினேன். பதினொரு வருடமாகக் காத்திருந்த அழைப்பு!

"சிஸ்டர், ஒரு சின்ன விசாரணை. உங்ககூடப் பின்குரல் குடுத்துட்டிருந்த பொண்ணுக்கு அரை மணிநேரம் குடுக்கலாம்னு இருக்கோம். நீங்கதான வளர்த்துவிட்டீங்க? ஆள் எப்படி?"

மூக்குடைந்து நின்றேன். என்ன சொல்லியிருக்க வேண்டும்? நேரத்துக்கு வருவாள், நன்றாக எழுதுவாள், வாக்குத் தவற மாட்டாள். மூன்றும் உண்மை. மூன்றும் நாக்கு வரை வந்தன.

"நல்லாப் பாடுவா ஐயா" என்றேன். அப்புறம் ஒரு பெருமூச்சு. அது தானாக வரவில்லை, நான் விட்டேன். "அவளுக்காக ஜெபிச்சுக்கோங்க."

"ஏன் சிஸ்டர், ஏதாவது...?"

"வேற ஒண்ணும் நான் சொல்லக் கூடாது. ஜெபிச்சுக்கோங்க, போதும்."

உள்ளே போனேன். அந்த அம்மா இன்னும் கையைத் தூக்கியபடியே உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் குண்டூசி வீட்டுக்கு வந்தாள். எங்களோடு சாப்பிட்டாள். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஜூன் 10, புதன்

நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூட.

ஜூன் 14, ஞாயிறு

ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பாடகர் குழுவில் இருக்கும் ஒரு சிஸ்டர் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "அந்தப் பொண்ணு விழுந்துட்டாளாமே? ஜெபச் சங்கிலி வாட்ஸப் குழுவுல வந்துச்சு. மூணு நாளா உபவாசம் இருக்கோம்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. அவளுக்காக ஜெபிக்கப் பாரம்னு மட்டும் வந்துச்சு. பையன் விஷயமா? குடியா?"

தெரியாது என்றேன். தெரியாது என்று நான் சொன்ன விதத்தில் தெரியும் என்று எடுத்துக்கொண்டு, கண்ணை மூடித் தலையாட்டினார். நான் அனுப்பியது ஒரு பெருமூச்சு. ஐந்து நாளில் அது கை கால் முளைத்துக் குடிக்கவும் தொடங்கிவிட்டது.

ஜூன் 16, செவ்வாய்

அமைப்பாளர் மறுபடி அழைத்தார். "அந்தப் பொண்ணுக்கு இன்னும் காலம் வரல சிஸ்டர். நீங்க அந்த அரை மணிநேரத்தை எடுத்துக்கிறீங்களா?"

எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது மனுஷன் உடைந்த குழாயைத் திருகிக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் குழாய் சரிசெய்கிறவர். எங்கள் வீட்டுக் குழாய்க்குத்தான் முறை வருவதில்லை. "நல்ல செய்திதான்" என்றார். திருகுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "உன் மூஞ்சிதான் நல்ல செய்தி மாதிரி இல்ல."

ஜூன் 20, சனி

கேட்பு. அவள் முகம் சுண்டிப்போயிருந்தது. வாய்ப்பு வந்ததையும் போனதையும் ஒரே மூச்சில் சொன்னாள். காரணம் சொல்லவில்லையாம். அந்த இடம் எனக்கு வந்ததை நான் சொன்னேன் - சொல்லாமல் எத்தனை நாள்?

என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த நொடியில் அவள் என்னைக் கரித்துக்கொட்ட வேண்டும் என்று மனம் வேண்டிக்கொண்டது. கொட்டினால் கணக்கு நேராகிவிடும். என்னைப்போல் இன்னொருத்தி, அவ்வளவுதான்.

"உங்களுக்கா? அப்ப பரவால்லக்கா. எப்பவோ கூப்பிட்டிருக்கணும் உங்கள" என்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் சொன்னது பொய் இல்லை. எனக்குத் தெரியாதா அவளை? "நான் பின்குரல் குடுக்கறேன். வேகமாப் பாடும்போது உங்களுக்கு மூச்சு முட்டும்."

பாட்டுதான் என்னைவிட நன்றாக வருகிறது என்று நினைத்திருந்தேன். குணமுமா? ஒருத்திக்கே எல்லாவற்றையும் அள்ளிக்கொடுப்பது என்ன நியாயம், ஆண்டவரே?

ஜூன் 23, செவ்வாய்

பைபிளைத் திறந்தேன். மூடிவிட்டேன்.

ஜூன் 28, ஞாயிறு

கடை விடுமுறை. முதலாளியிடம் சாவி வாங்கிக்கொண்டு காது பரிசோதிக்கும் கண்ணாடி அறையில் ஒத்திகை. வெளிச் சத்தம் புகாத அறை. எங்கள் முதல் பாட்டைப் பதிவுசெய்ததும் இங்கேதான். ஒருத்தர் உட்காரும் அறையில் இருவர் முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம்.

அவள் பின்குரல் பிசகவே இல்லை. நான் எங்கே தடுமாறுவேன் என்று எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிகிறது. மூன்று முறை பாடிவிட்டுத் தண்ணீர் குடித்தோம். அப்போது சொன்னாள்:

"ஞாயிறு பள்ளில என் வகுப்பை எடுத்துட்டாங்கக்கா. கொஞ்ச நாள் ஓய்வெடும்மான்னாங்க. எல்லாரும் எனக்காக ஜெபிக்கிறோம்னு சொல்றாங்க. எதுக்குன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கறாங்க. நானும் உபவாசம் இருந்து யோசிச்சுப் பார்த்துட்டேன். என்ன தப்பு பண்ணேன்னே தெரியலக்கா. உங்களுக்கு ஏதாவது தெரியுமா? என் முகத்துக்கு நேரா நீங்கதான சொல்வீங்க?"

அந்த அறையில் எச்சில் விழுங்கினாலும் கேட்கும். நான் விழுங்கியது அவளுக்குக் கேட்டிருக்கும்.

"தெரியாதும்மா" என்றேன்.

சீ. என்ன மனுஷி நான்! பாட்டில் மட்டும் வரிக்கு வரி உண்மை, உண்மை, உண்மை -

ஜூன் 29, திங்கள்

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். நெடுநேரம் நெற்றியைச் சொறிந்துகொண்டிருந்தார். "ஒழுகுற இடம் உனக்குத் தெரியும். தெரிஞ்சும் இத்தனை நாளா சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சிட்டிருக்கே" என்றார். பிறகு, "அவ நம்ம வீட்ல வந்து சாப்பிட்டாளே" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறிவிட்டது.

ஜூன் 30, செவ்வாய்

அமைப்பாளரை அழைத்தேன். இரண்டு முறை மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். மூன்றாம் முறை பேசினேன்.

"அந்தப் பொண்ணு மேல ஒரு குறையும் இல்லைங்கய்யா. நான் சொன்னது தப்பு."

"நீங்க எதுவுமே சொல்லலையே சிஸ்டர். ஜெபம்தானே கேட்டீங்க?"

எவ்வளவு வசதியான கதவு! திறந்தே வைத்திருந்தார். நான் தலையாட்டினால் போதும். இருவருக்கும் நல்ல பெயர்.

"ஜெபம் கேக்கலங்கய்யா. பொறாமைல அவ பேரைக் கெடுத்தேன். நீங்க என்னைக் கூப்பிடாம அவளைக் கூப்பிட்டீங்கன்னு."

கமிட்டியில் பேச வேண்டும் என்றார். என் அரை மணிநேரத்தை அவளுக்கே கொடுத்துவிடுங்கள் என்றேன். சொல்லும்போது தொண்டை அடைத்தது. அவளுக்காக அடைத்தது என்று எழுத ஆசை. இல்லை, அந்த அரை மணிநேரத்துக்காகத்தான்.

ஜூலை 4, சனி

அட்டைக்குக் கீழே நின்று சொன்னேன். பீட்காரர் ஸ்பீக்கர் பெட்டியின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தவர், சுற்றிய ஒயரைப் பிரித்து மறுபடியும் சுற்றினார்.

குண்டூசி அழவில்லை. "என்ன தேதி?" என்று கேட்டாள்.

"ஜூன் ஒன்பது."

"அன்னைக்கு உங்க வீட்ல சாப்பிட்டேன்."

"ஆமா."

"போன் பேசினதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"அப்புறம்."

பையை எடுத்துக்கொண்டாள். வாசல் வரை போய்த் திரும்பினாள். "முகத்துக்கு நேரா சொன்னதுக்கு நன்றி, சிஸ்டர்."

சிஸ்டர். சபையில் எல்லாரும் எல்லாரையும் கூப்பிடுகிற அதே சிஸ்டர். ஐந்து வருடத்தில் ஒருநாளும் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஜூலை 5, ஞாயிறு

ஜெபச் சங்கிலிக் குழுவில் எழுதிப் போட்டேன். அவள்மேல் எந்தக் குற்றமும் இல்லை, புரளி என்னிடமிருந்து கிளம்பியது, காரணம் பொறாமை என்று என் பெயரோடு. பூசி மெழுகவில்லை. நாற்பத்து மூன்று பேர் பார்த்தார்கள். ஒருவர் கைகூப்பும் படம் போட்டார். இன்னொருவர், "உங்களுக்காக ஜெபிக்கிறோம் சிஸ்டர்" என்று எழுதினார்.

இனி என் முறை.

ஜூலை 11, சனி

அவளுக்கு மேடை உறுதியாகிவிட்டதாம், வகுப்பையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். பீட்காரர் சொன்னார். கேட்புக்குப் போகவில்லை. நாலு மணிக்குப் பாத்திரம் தேய்த்தேன், தேய்த்ததையே மறுபடி தேய்த்தேன்.

ஜூலை 15, புதன்

கடைக்கு ஓர் உறை வந்தது. உள்ளே அவளுடைய மூன்று பாட்டுகள், தாளில். வரிகளின் கடைசிச் சொற்களின்கீழ் சிவப்புக் கோடு, பின்குரல் பிடிப்பவருக்கு. கடிதம் இல்லை, ஒரு சொல்கூட இல்லை. கோடுகளை எண்ணினேன், நாற்பத்தொன்று.

பரிசோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். முதலாளி தேடி வந்து கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, தட்டாமலே போய்விட்டார்.

ஜூலை 25, சனி

அரங்கம் நிறைந்திருந்தது. நான் அவளுக்கு இரண்டடி பின்னால், இடது பக்கம், வெளிச்சம் விழாத இடத்தில். மூவாயிரம் பேர் எழுந்து ஆர்ப்பரித்தார்கள். எனக்கு வயிறு எரியத்தான் செய்தது. இல்லையென்று இந்த நோட்டில் எழுத மாட்டேன். எரிந்துகொண்டே ஒவ்வொரு சொல்லாகப் பிடித்தேன்.

மூன்றாம் சரணத்தில், நான் பயந்த இடத்திலேயே அவளுக்கு மூச்சு தீர்ந்தது. "சுவரையே" என்பதோடு நின்றுவிட்டாள். "தட்டினார்" என்றேன். அவள் தோள் ஏறி இறங்கியதைப் பார்த்தேன். அடுத்த வரியைத் தொடங்கிவிட்டாள்.

இறங்கும்போது படிக்கட்டில் துண்டை நீட்டினேன். வாங்கி முகம் துடைத்தாள்.

"அடுத்த சனிக்கிழமை புதுப் பாட்டு வைக்கிறேன். குறை சொல்ல ஆள் வேணும்."

"வர்றேன்."

"நாலு மணி, சிஸ்டர்" என்றாள்.